சோஃபாவை அப்புறம் பார்க்கலாம்: பழைய மோட்டார் படகில் குடியேறுவது பற்றி

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 1979-ல் கட்டிய 36 அடி ஃபைபர் கிளாஸ் மோட்டார் படகு, ஒற்றை டீசல் இன்ஜின். ஒரு தம்பதி அதைச் சரிசெய்து, அதிலேயே குடியேறி, இரண்டு வருடத்தில் கரையோரமாக ஊர் ஊராகக் கிளம்ப நினைக்கிறார்கள். சமையலறையை மாற்றுவது, படுக்கையை அகலமாக்குவது, லித்தியம் பேட்டரி, சோலார், புது சோஃபா என்று ஒரு வேலைப் பட்டியலும் போட்டிருக்கிறார்கள். இதில் எதை முதலில் எடுப்பது?

பட்டியலில் இருக்கும் எதையும் முதலில் எடுக்காதீர்கள். தண்ணீரை வெளியே நிறுத்தும் வேலை அதில் ஒன்றுகூட இல்லை. நானும் இப்படித்தான் தொடங்கினேன். முதல் மூன்று மாதம் உள்சுவர் பலகைகளை மாற்றி, வார்னிஷ் அடித்து, அழகாக முடித்தேன். முதல் பெருமழையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு கறை வந்தது. ஒழுகும் இடத்தைத் தேட, போட்ட பலகையை நானே உடைத்து எடுத்தேன். பழைய படகில் உள்ளேயிருந்து வெளியே வேலை செய்தால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

இந்த வயதுப் படகுகளில் ஒரு கோளாறு இன்னொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். அந்தக் காலத்துப் பல மோட்டார் படகுகளில் டெக்கின், அதாவது நாம் நடக்கும் மேல்தளத்தின், மேல் தேக்குப் பட்டிகளை நூற்றுக்கணக்கான திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். டெக்கின் நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும், அதன் மேலும் கீழும் ஃபைபர் கிளாஸ். திருகாணித் துளையில் அடைப்புப் பசை காய்ந்து விட்டுப்போனால் மழைத் தண்ணீர் நடு மரத்துக்குள் இறங்கி ஊறும், மரம் மக்கும். மிச்சத் தண்ணீர் கீழே சொட்டும். கீழே இருப்பது பெரும்பாலும் இரும்பு டீசல் டேங்க். அதன் மேல்தகட்டில் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும், துருத்துளை வழியாகத் தண்ணீர் டீசலுக்குள் போகும். டீசலும் தண்ணீரும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சேறாக அடியில் தங்கும். துறையில் கட்டிக்கிடக்கும்வரை அது தெரியாது. ஒருநாள் அலை அடித்துப் படகு குலுங்கும்போது சேறெல்லாம் கலங்கி ஃபில்டரை அடைக்கும், இன்ஜின் நிற்கும். டெக்கில் விழுந்த மழை இன்ஜினை நிறுத்திவிட்டது. நடுவில் பதினைந்து வருடம் போயிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை தட்டிப் பார்ப்பது. பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியலால் டெக் முழுக்க ஒரு ஜாண் இடைவெளியில் தட்டுங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று இருக்கும். ஊறிய இடத்தில் மந்தமாக 'தொப்' என்று கேட்கும். கைப்பிடிக் கம்பி, ஜன்னல், நங்கூர விஞ்ச் என்று எதையெல்லாம் டெக்கைத் துளைத்துப் பொருத்தியிருக்கிறார்களோ அந்த அடிகளைச் சுற்றி இன்னும் கவனமாகத் தட்டுங்கள். ஊறல் ஓரிரண்டு துளைகளைச் சுற்றி மட்டும் இருந்தால் பொருளைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, நனைந்த மரத்தைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, இறுகினால் கல் மாதிரி ஆகும் எபாக்சிப் பிசினைக் கெட்டியாக நிரப்பி, அது இறுகியபின் அதில் புதுத் துளை போடலாம். இனி அங்கே தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. டெக்கில் பாதிக்கு மேல் மந்தமாகக் கேட்டால் அது வேறு கதை. மேல் ஃபைபரை வெட்டி எடுத்து, நடு மரத்தை முழுக்க மாற்ற வேண்டும். இன்னும் பணம் கைமாறவில்லை என்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருப்பதாக, படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் எழுதினால் பலர் பயந்துவிடுகிறார்கள். ஃபைபர் கிளாஸுக்குள் மெல்ல ஊறும் தண்ணீர் ரெசினோடு வினைபுரிந்து உண்டாக்குவது அது. குத்தினால் வினிகர் மாதிரி ஒரு வாடையோடு திரவம் வரும். ஆனால் 1970-களின் படகுகளில் ஃபைபர் பெரும்பாலும் தடிமனாகவே போட்டிருப்பார்கள். அங்கங்கே நாலைந்து கொப்புளம் என்றால் திறந்து, உலர்த்தி, எபாக்சி பூசி மேலே போகலாம். இதில் தூக்கம் கெட வேண்டாம். கெட வேண்டிய இடம் சீகாக்குகள்.

படகின் அடியில் நாமே போட்டு வைத்திருக்கும் ஓட்டைகள் அவை. இன்ஜினுக்குக் குளிர்நீர், கழிவறைக்கு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு என்று ஏழெட்டு வால்வுகள் இருக்கும். ஒன்றரை அங்குல ஹோஸ் ஒன்று நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே கழன்றால் நிமிடத்துக்கு 150 லிட்டர் அளவில் உள்ளே வரும். படகின் அடிப்பள்ளத்தில் (பில்ஜ்) சேரும் தண்ணீரை இறைப்பது பில்ஜ் பம்ப். பெட்டியில் மணிக்கு 2,000 கேலன் என்று அச்சடித்த பம்ப், கணக்குப்படி நிமிடத்துக்கு 126 லிட்டர்தான். தண்ணீரை மேலே ஏற்றித் தள்ளும்போது அதிலும் பாதியோ முக்காலோதான் நிஜத்தில் கிடைக்கும். ஆகவே பம்பை நம்பாமல் வால்வை நம்பும்படி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கையால் திறந்து மூடிப் பாருங்கள். இறுகிப்போனது, மூடினாலும் கசிவது, சுரண்டினால் உலோகம் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரிவது, எல்லாவற்றையும் கழற்றி எறியுங்கள். இளஞ்சிவப்பு என்றால் அது பித்தளை, அதிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய் மீதி நொறுங்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள். வெண்கலமோ கண்ணாடியிழை சேர்த்த நைலானோ போடுங்கள். ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள், பிடிக்க இடமிருந்தால் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப். ஓட்டையை அடைக்க அளவான மர ஆப்பு ஒன்றை ஒவ்வொரு சீகாக்கிலும் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் டிராயரில் தேடிக்கொண்டிருக்க முடியாது. பில்ஜ் பம்புக்குத் தானாக ஓடும் சுவிட்ச் வேண்டும், அதோடு நீர் ஏறினால் தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு அலறும் ஒரு அலாரமும் வேண்டும்.

இதற்கெல்லாம் படகு கரையேறி நிற்க வேண்டும். நிற்கும்போதே ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் ரப்பர் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்துப் பேக்கிங், சுக்கான் தண்டின் சீல், மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைந்து காக்கும் உலோகக் கட்டிகளான ஆனோடுகள் எல்லாம் இப்போதே முடிய வேண்டியவை. ஆனோடு உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம். அலுமினியக் கலவை இரண்டிலும் வேலை செய்யும். எதைப் போட்டாலும் படகு முழுக்க ஒரே வகையாக இருக்கட்டும், பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

அடுத்து இன்ஜின். 36 அடிப் படகில் நாற்பது வருட டீசல் என்றதும் புது இன்ஜின் போடலாமா என்ற எண்ணம் வரும். பொறுங்கள். ஃபோர்டு லேமன் 120, பெர்கின்ஸ் மாதிரியான அந்தக் கால இன்ஜின்கள் மெதுவாகச் சுழல்பவை. பராமரித்தால் பத்தாயிரம் மணி நேரம் ஓடுவது அதிசயமில்லை. அவற்றைக் கொல்வது வயதைவிட உப்புத் தண்ணீரும் கவனக்குறைவும்தான். பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆக அது படும் பாட்டை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். புகையைப் பாருங்கள். சூடான பிறகும் நீலம் வந்தால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது பளு அதிகம், ப்ரொப்பல்லர் பெரிதாக இருந்தாலும் அப்படி வரும். வெள்ளை விடாமல் வந்தால் எரியாத டீசல் அல்லது குளிர்நீர் கசிவு. இன்ஜின் எண்ணெயில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், அதில் தெரியும் உலோகத் துகள்களும் உப்பும் உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு சோதனையைவிட ஐம்பது, நூறு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு மூன்று முடிவுகளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

லேமன் 120 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சேதி. இன்ஜினுக்குள் டீசலைச் செலுத்தும் அதன் இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தனி எண்ணெய் உண்டு, 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இன்ஜின் எண்ணெயை மாற்றிவிட்டு இதை மறந்தவர்கள் நிறையப் பேர்.

இன்ஜினைச் சுற்றியிருக்கும் சில்லறைப் பாகங்கள்தான் பெரும்பாலும் பயணத்தை நிறுத்துகின்றன. கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர், கடல்நீரால் இன்ஜினின் குளிர்நீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அப்புறம் புகையும் கடல்நீரும் கலக்கும் வளைகுழாயான எல்போ. அந்த எல்போ வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே துரு அடைத்து ஓட்டை சிறுத்திருக்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை என்றால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். டீசல் டேங்கில் மூடியுள்ள ஆய்வுத் துளை இல்லையென்றால் ஒன்று வெட்டச் சொல்லி, உள்ளே கழுவி, பழைய டீசலை வடிகட்டுங்கள். இரண்டு முதன்மை ஃபில்டர்களை இணையாக வைத்து நடுவில் ஒரு திருப்பு வால்வு போட்டால், ஒன்று அடைக்கும்போது இன்ஜினை நிறுத்தாமல் மற்றதற்கு மாறலாம். அதனுடன் டீசலை உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் ஒரு வேக்குவம் கேஜ் இருந்தால் அடைப்பு வருவது முன்னாலேயே முள்ளில் தெரியும். என்னைக் கேட்டால் சோலாருக்கு முன்னால் இதற்குத்தான் பணம் ஒதுக்குவேன்.

வேகம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எரிபொருளும் பயண தூரமும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் வகைப் படகுக்கு நீர்க்கோட்டு நீளத்தின், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளத்தின், வர்க்கமூலத்தை (நீளம் அடியில்) 1.34 ஆல் பெருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய உச்ச வேகம், நாட்டில் (மணிக்கு இத்தனை கடல் மைல்). நீர்க்கோடு 33 அடி என்றால் 7.7 நாட். அதை எட்டிப் பிடிக்க முயலும்போது படகு தன் அலையிலேயே மலையேற ஆரம்பிக்கும், டீசல் கொட்டும். 6 நாட்டில் இந்த அளவுப் படகு மணிக்கு 5, 6 லிட்டரில் போகலாம். உச்சத்துக்குப் பக்கத்தில் போனால் அதன் இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். டேங்கில் 1,000 லிட்டர், அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்தால்கூட 6 நாட்டில் சுமார் 700 கடல் மைல் போகலாம். 1912-ல் டெட்ராய்ட் என்ற 35 அடி மோட்டார் படகு வெறும் 16 குதிரைத்திறன் இன்ஜினோடு அட்லாண்டிக்கைக் கடந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போனது. உங்கள் இன்ஜின் அதைவிடப் பல மடங்கு பெரியது. அதிகக் குதிரைத்திறன் வேண்டும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் லித்தியம் போடும் ஆசை தப்பில்லை. ஆனால் பழைய வயரிங்கின் மேல் லித்தியம் போடுவது ஆபத்து. நாற்பது வருடத்தில் நாலு உரிமையாளர்கள் என்றால் நாலு விதமான வயர்கள், அதில் பாதி எங்கும் போகாதவை. செத்த வயர்களை முதலில் உருவி எடுங்கள். என் படகிலிருந்து இரண்டு சாக்கு நிறைய வந்தது. புதிதாகப் போடுவது வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பாக இருக்கட்டும். வீட்டில் போடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நேர் வயருக்கும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சிலின் தரவிதி 7 அங்குலம் என்கிறது, உறைக்குள் போகும் வயர் மாதிரி சிலவற்றுக்குச் சலுகைகள் உண்டு. வழிவிளக்கு மாதிரி முக்கியமான சுற்றுகளில் மின்னழுத்த இழப்பு 3 சதவீதத்துக்கு மேல் போகாத தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளம் கணக்கிடும்போது போகிற தூரத்தோடு திரும்பி வருகிற தூரத்தையும் கூட்டுங்கள்.

பேட்டரி எவ்வளவு வேண்டும் என்பதற்குச் செலவிலிருந்து தொடங்க வேண்டும். 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஒன்று நாளைக்கு 50, 60 ஆம்ப்-அவர் (ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்ப்-அவர்) எடுக்கும். விளக்கு, பம்ப், போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து இருவருக்கு 120 என்று வைத்துக்கொள்வோம். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும், ஆகவே இரண்டு நாள் தாக்குப்பிடிக்க 480 ஆம்ப்-அவர், சுமார் 140 கிலோ. லித்தியத்தில் 300 போதும், எடையும் மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும். அதன் சிக்கல் வேறிடத்தில். லித்தியம் கொடுத்த மின்னோட்டத்தையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டர் மூச்சுவிடாமல் ஓடி வெந்துபோகும். ஓடும்போது பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தால் மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் போகும். ஸ்டார்ட் பேட்டரி ஈயமாகவே இருக்கட்டும், ஆல்டர்னேட்டர் அதற்குக் கொடுக்கட்டும், அங்கிருந்து மின்னோட்டத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்குப் போகட்டும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். 400 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் 100 ஆம்ப்-அவர் அளவில் தரும். மேகமூட்டத்தில் கால்வாசிகூட வராது.

கரை மின்சாரத்தில் செருகிக் கிடக்கும் படகுக்கு கால்வானிக் ஐசோலேட்டர் கட்டாயம். இல்லையென்றால் எர்த் வயர் வழியாகப் பக்கத்துப் படகோடு சேர்ந்து நீங்கள் ஒரே பேட்டரி ஆகிவிடுவீர்கள், உங்கள் ஆனோடு அவர்களுடைய ப்ரொப்பல்லரைக் காப்பாற்றிக் கரையும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பில்ஜில் போய்த் தேங்கும், படகுக்கு அடியில் கதவு கிடையாது. சிலிண்டர் வெளியே தனிப் பெட்டியில், அந்தப் பெட்டியின் அடியிலிருந்து நேராகப் படகுக்கு வெளியே ஒரு வடிகுழாய். குழாயில் பிரஷர் கேஜ் ஒன்று வைத்து, அடுப்பு வால்வுகளை மூடி, சிலிண்டரைத் திறந்து மூடிவிட்டு முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

கழிவறை நாற்றத்துக்குப் பலர் கழிவுத் தொட்டியைக் குறை சொல்வார்கள், குற்றவாளி பெரும்பாலும் ஹோஸ். வெந்நீரில் நனைத்த துணியை ஹோஸின் மேல் சுற்றி, ஆறியதும் எடுத்து முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் ஹோஸ் ஊறிவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை. தொட்டியின் காற்றுக்குழாயை அடுத்த பெரிய அளவுக்கு மாற்றினால் பாதி நாற்றம் தானாகக் குறையும்.

இப்போது நீங்கள் கேட்டவற்றுக்கு வரலாம். படுக்கையை அகலமாக்குங்கள், ஆனால் மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் ஒரே குளிர்காலத்தில் அடிப்பக்கம் பூசணம் பூக்கும். இருவரின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த ஃபைபர் சுவரில் பட்டுத் தண்ணீராகும். துளைப் பலகை, மெத்தைக்கு அடியில் காற்று போகும் விரிப்பு, நீர்க்கோட்டுக்கு மேலே சுவர்களில் இன்சுலேஷன், வெளியே காற்றை இழுக்கும் சிறு விசிறி, இவை புதுச் சமையலறையைவிட வாழ்க்கையை மாற்றும்.

எடையையும் கவனியுங்கள், குறிப்பாக உயரத்தில் ஏறும் எடையை. கூரையில் சோலார், மேல்தட்டில் சின்னப் படகு, இரண்டு சைக்கிள் என்று ஏற்றிக்கொண்டே போவோம். வேலை தொடங்கும் முன்பே, அமைதியான நாளில், கயிறுகளைத் தளர்த்தி, படகைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு, பத்து முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எடுத்துப் பத்தால் வகுத்து எழுதிவையுங்கள். வேலை முடிந்தபின் மறுபடி பாருங்கள். ஆட்டம் முன்னைவிட மெதுவாகிவிட்டது என்றால் சுகமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், எடை மேலே ஏறி நிமிரும் சக்தி குறைந்திருக்கிறது. எதையாவது கீழே இறக்குங்கள்.

நங்கூரம் ஒரு அளவு பெரிதாக, சங்கிலியோடு. விடும் நீளம் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, காற்று வலுத்தால் ஏழு. ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரத்தையும், நீர் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டுதான் பெருக்க வேண்டும்.

பணத்துக்கு என் கணக்கு: மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை எந்த வேலைக்கும் பெயர் போடாமல் ஒதுக்குங்கள், முதல் கரையேற்றத்திலேயே அதற்குப் பெயர் கிடைத்துவிடும். இரண்டு வருடம் என்பது போதும், முதல் வருடம் சீகாக், டெக், டீசல், வயரிங் என்று போனால்.

அது முடிந்ததும் கரை மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, துறையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் போய் ஒரு வாரம் நங்கூரத்தில் இருந்து பாருங்கள். சமையலறையில் எந்தப் பக்கம் கை முட்டுகிறது, ராத்திரி யார் யாரைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது, சாயங்காலம் இருவரும் உண்மையில் எங்கே உட்காருகிறீர்கள் என்று அந்த வாரத்தில் தெரிந்துவிடும். தச்சரை அதற்கப்புறம் கூப்பிடுங்கள். நாங்கள் சோஃபா போட அளந்து வைத்திருந்த இடத்தில் இப்போது கருவிப் பெட்டியும் உதிரி பம்ப்களும் இருக்கின்றன. உட்காருவது சுக்கான் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான், அங்கேதான் மூன்று பக்கமும் தண்ணீர் தெரிகிறது.